தருமபுரிப் பக்கம் ஒரு சமூகவியல் கருத்தரங்கம்: 750 ரூபாய்க்கு ஸ்காலருக்கு என்ன கிடைக்கிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஒரு கல்லூரியின் சமூகவியல் துறை நடத்திய இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கத்தின் மதிப்பீடு இது. கல்லூரியின் பெயர் வேண்டாம். இங்கே சொல்லும் குறைகளில் பாதி, இந்தப் பக்கம் யார் நடத்தினாலும் இருப்பவைதான். மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடலாம்: ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு இரண்டு, சாப்பாட்டுக்கு மூன்றரை, அமர்வில் எழுந்த கேள்விகளுக்கு நாலரை. பிஎச்.டி. செய்கிறவர், அதிலும் இந்த இரண்டு மாவட்டங்களில் களப்பணி செய்கிறவர், அந்தக் கடைசி மதிப்பெண்ணுக்காகவே போகலாம். சர்டிபிகேட்டுக்காக மட்டும் போகிறவர் இந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

ஸ்காலருக்குக் கட்டணம் 750 ரூபாய், ஆசிரியருக்கு 1,000. கட்டுரை நூலில் வர வேண்டுமென்றால் மேற்கொண்டு 1,200. இந்த மூன்றாவது தொகை அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தில், வங்கிக் கணக்கு விவரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. 750 கட்டினால் கட்டுரை அச்சிலும் வந்துவிடும் என்று நம்பி வந்தவர்கள் ரிஜிஸ்ட்ரேஷன் மேசையில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். 750க்குள் அடங்குபவை ஒரு துணிப்பை, குறிப்பேடு, பேனா, இரண்டு மதியச் சாப்பாடு, டீ, பிஸ்கெட், சர்டிபிகேட். தங்குமிடம் இதில் இல்லை.

பணம் அனுப்பும் முன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கல்லூரி அல்லது துறையின் கணக்கு என்றால் சரி. தனி ஆளின் ஜி.பே. எண்ணாக இருந்தால், வரிசை எண்ணும் முத்திரையும் உள்ள ரசீது கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குக் கலைப் பிரிவில் முதல் இரண்டு ஆண்டுக்கு வருடம் 10,000, அதன்பின் 20,500 என்று ஆய்வுச் செலவுக்கான கன்டின்ஜென்சி தொகை உண்டு. அதில் இந்தச் செலவைக் காட்ட வேண்டுமென்றால் ஆபீசில் கேட்பது ரசீதைத்தான், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அல்ல.

சர்டிபிகேட் எதற்கு ஆகும் என்பதிலும் பலருக்குப் பழைய கணக்கே ஓடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2016 பிஎச்.டி. ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் கட்டாயம். 2022 நவம்பரில் வந்த ஒழுங்குமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதியே தொடர்கிறது. பல்கலைக்கழகமும் தன் பங்குக்குத் தனி விதி வைத்திருக்கலாம். பதிவு செய்த தேதியையும் பல்கலைக்கழக விதிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபின் முடிவெடுங்கள். ‘கைடு சொன்னார்’ என்பது போதாது, கைடு பதிவு செய்த காலத்து விதி வேறு.

‘தேசிய’, ‘பன்னாட்டு’ என்ற அடைமொழிகளுக்கும் ஒரு காரணம் உண்டு. கல்லூரி ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்குமான யு.ஜி.சி. 2018 ஒழுங்குமுறையில், கருத்தரங்கில் வாசித்த கட்டுரைக்கு மாநில அளவில் 2 மதிப்பெண், தேசிய அளவில் 3, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 5, வெளிநாட்டில் என்றால் 7. அதனால்தான் ஒரே ஒரு பேராசிரியர் கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஜூமில் பேசினாலும் பேனரில் ‘பன்னாட்டு’ ஏறிவிடுகிறது. இந்தக் கல்லூரி அந்த வேலையைச் செய்யாமல் ‘தேசிய’ என்றே போட்டது. அதற்கு ஒரு பாராட்டு. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள்தான் என்பது வேறு விஷயம்.

தொடக்க விழாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அழைப்பிதழில் 10 மணி. சிறப்பு விருந்தினர் வந்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடைகள் போர்த்தி, மையக் கருத்துரை தொடங்கும்போது 11.40. உரை நன்றாகவே இருந்தது. ஆனால் தாமதத்தின் விலையைக் கட்டுகிறவர் மதியம் பேப்பர் வாசிக்கும் ஸ்காலர்.

அந்தக் கணக்கு இப்படி. மதியம் மூன்று அறைகளில் இணை அமர்வுகள், ஓர் அறைக்கு 14 பேப்பர். 2 மணி முதல் 4.30 வரை என்றால் 150 நிமிடம், ஆளுக்குப் பத்தரை நிமிடம் வரும். சாப்பாட்டுப் பந்தி முடிந்து கூட்டம் திரும்ப 2.25, தலைவர் அறிமுகம் பத்து நிமிடம், கடைசியில் நன்றியுரை. மிச்சத்தை 14ஆல் வகுத்துப் பார்த்தால் எட்டுக்கும் கீழே. அழைப்பிதழில் ‘15 நிமிடம்’ என்று போட்டிருந்தாலும் ஏழு நிமிடத்துக்குத் தயாராகப் போவதே புத்தி. ஏ4 தாளில் ஒன்றரை இடைவெளி விட்டு அடித்த ஒரு பக்கம், நிதானமாகப் படித்தால் இரண்டரை நிமிடம் பிடிக்கும். மூன்று பக்கத்துக்கு மேல் எழுதியது வாயைத் தாண்டி வெளியே வராது.

ஏழு நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? கேள்வி என்ன என்று ஒரே வாக்கியம். எந்த ஊர்ப் பக்கம், யாரிடம், எத்தனை பேரிடம், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு ஒன்றரை நிமிடம். இரண்டே இரண்டு கண்டுபிடிப்புகளுக்கு நாலு நிமிடம். இன்னும் புரியாமல் இருக்கும் ஒரு சிக்கலுக்கு ஒரு நிமிடம். இந்தக் கடைசி நிமிடத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் உருப்படியான கேள்வி வருவது அதிலிருந்துதான். முன்னாய்வுகளும் வரையறைகளும் முழுக் கட்டுரையில் இருக்கட்டும். ‘குடும்பம் என்பது சமூகத்தின் அடிப்படை அலகு’ என்று தொடங்கிய ஒருவர், தன் தரவின் முதல் அட்டவணைக்கு வரும்போது தலைவர் மணியை அடித்துவிட்டார்.

ஸ்லைடு விஷயத்தில் நடந்த கோளாறுகள் எல்லாமே தவிர்க்கக்கூடியவை. எல்லோருடைய கோப்புகளையும் பென் டிரைவில் வாங்கித் துறையின் ஒரே லேப்டாப்பில் ஏற்றினார்கள். பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்தவர்களின் தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திரையில் நின்றது. எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு போங்கள். அதற்கு நேரமில்லை என்றால் பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள், எழுத்துரு கோப்போடு போய்விடும். பவர்பாயின்ட்டாகவே வேண்டுமென்றால் ஆப்ஷன்ஸில் சேவ் என்ற பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கும் வசதி இருக்கிறது, அதில் ஒரு டிக் போட்டுச் சேமியுங்கள். புரொஜக்டர் பழைய வி.ஜி.ஏ. வகை. சொந்த லேப்டாப்பில்தான் காட்டுவேன் என்றால் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் கன்வர்ட்டரைக் கையோடு கொண்டு போக வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்குத் திரைச்சீலை இல்லாததால் மூன்று மணிக்கு மேல் நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து எதுவும் தெரியவில்லை. வெள்ளையில் கறுப்பு மட்டுமே தப்பியது. கரண்ட் போனாலும் பேச, கட்டுரையை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அமர்வுத் தலைவரிடம் முன்பே கொடுத்துவிட்டால் அவர் கேள்வியோடு உட்கார்ந்திருப்பார்.

நாலரை மதிப்பெண் எதற்கு என்று இனிச் சொல்ல வேண்டும்.

அவையில் பேராசிரியர்கள் மட்டும் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் என்று களத்தில் காலம் தள்ளியவர்கள் வந்திருந்தார்கள். தில்லியிலோ ஐதராபாத்திலோ இதே பேப்பரை வாசித்தால் கோட்பாட்டைக் கேட்பார்கள். இங்கே கேட்பது வேறு. இடப்பெயர்வு பற்றிய கட்டுரைக்கு வந்த முதல் கேள்வி: “திங்கட்கிழமை காலை பஸ் ஏறி பெங்களூரு கட்டட வேலைக்குப் போய், சனிக்கிழமை திரும்புறவரையும், திருப்பூர்ல குடும்பத்தோட வாடகைக்கு உக்காந்துட்டவரையும் ஒரே கட்டத்துல போட்டிருக்கீங்களே, ஏன்ம்மா?” அட்டவணையில் ‘இடம்பெயர்ந்தோர்’ என்று ஒரே வரிசை. அந்த ஒரு வரிசையைப் பிரித்தால் பிள்ளைகளின் படிப்பு, ரேஷன், ஓட்டு, வீட்டில் யார் முடிவெடுக்கிறார் என்று எல்லா எண்ணும் மாறும். ஸ்காலரின் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி ஆறு மாதத்தில் சொல்லாததை அரை நிமிடத்தில் ஒருவர் சொல்லிவிட்டார்.

இன்னொன்று, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் எடுத்த நேர்காணல் பற்றியது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களிடம் தமிழில் மட்டும் அச்சடித்த வினாப் பட்டியலோடு போனால், கேள்வியைப் படித்துச் சொல்லிப் பதிலை வாங்கித் தருவது பெரும்பாலும் அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை. அப்படியானால் மாமியார் மருமகள் பற்றிய பதிலை யாருடைய பதிலாக எடுத்துக்கொள்வது? வாசித்தவரிடம் விடை இல்லை. ஆனால் ஆய்வேட்டின் முறையியல் இயலில் ஒரு முழுப் பகுதிக்கு அது விஷயம்.

மூன்றாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இதில் தவறியவர்கள் ஒருவரிருவர் அல்ல. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9இல். ஆகவே 2001 கணக்கெடுப்பில் ‘தருமபுரி மாவட்டம்’ என்றால் இரண்டும் சேர்ந்தது, மக்கள்தொகை 28 லட்சத்துக்கும் மேல். 2011இல் தருமபுரி மட்டும் சுமார் 15 லட்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ‘மக்கள்தொகை பாதியாகக் குறைந்துள்ளது’ என்று ஸ்லைடில் காட்டினால், முன் வரிசையில் இருக்கும் ஓய்வு பெற்ற தாசில்தார் சும்மா இருப்பாரா? மக்கள்தொகையிலாவது பிழை கண்ணுக்குத் தெரியும். பாலின விகிதத்திலும் எழுத்தறிவிலும் தெரியாமலே உள்ளே உட்கார்ந்துகொள்ளும். செய்ய வேண்டியது: 2011 அட்டவணைகளில் புதிய எல்லைக்கேற்பத் திருத்திக் கொடுத்த 2001 எண்களை எடுப்பது, அல்லது தாலுகா வாரியாக எடுத்துக் கூட்டிக்கொள்வது. தாலுகாவிலும் எச்சரிக்கை வேண்டும். 2011இல் தருமபுரிக்கு ஐந்து, கிருஷ்ணகிரிக்கு ஐந்து தாலுகாதான். சூளகிரி, அஞ்செட்டி, நல்லம்பள்ளி எல்லாம் அதன்பிறகு பிரிந்தவை.

புள்ளியியல் கேள்விகள் அவ்வளவு தரமில்லை, நேரமும் தின்றன. ஆனால் ஒரு பெண் பேராசிரியர் சொன்ன திருத்தத்தை எல்லா ஸ்காலரும் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். மாதிரி 50 பேர் என்றால் ஒரு ஆள் 2 சதவீதம். அப்படியிருக்க அட்டவணையில் 33.33 சதவீதம் எப்படி வரும்? எங்கேயோ கூட்டல் தப்பு, இல்லை வேறு ஆய்விலிருந்து அட்டவணை வந்திருக்கிறது. இரண்டு விஷயங்களுக்கிடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனையும் அப்படித்தான். 60 பேரை ஐந்து கல்வி நிலை, நான்கு வருமான நிலை என்று 20 கட்டங்களில் பரப்பினால் கட்டத்துக்குச் சராசரி மூன்று பேர். எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5க்குக் குறைவான கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. கல்வி நிலைகளை இரண்டாகச் சுருக்குங்கள். வருமானத்தையும் சுருக்கி இரண்டுக்கு இரண்டு அட்டவணையாகிவிட்டால், சிறிய எண்ணிக்கைக்கும் பொருந்தும் ஃபிஷர் சோதனை போடலாம். இதற்கெல்லாம் முன், தெரிந்தவர் மூலம் தேடிப் பிடித்த 60 பேரை வைத்து மாவட்டத்துக்கே பொதுமைப்படுத்தலாமா என்ற கேள்வி இருக்கிறது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் அதைக் கேட்காது.

உள்ளூர்க் கருத்தரங்கத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும், அழைப்பிதழ் எதிலும் இது இருக்காது. குழந்தைத் திருமணம் பற்றிய ஒரு பேப்பரில் ஊர்ப் பெயரை மாற்றித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ‘பென்னாகரத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர், ஏரிக்கரைக்குப் பின்னால், பால் சொசைட்டிக்கு எதிர்த் தெரு, இத்தனை வீடு’ என்று விவரணை இருந்தது. மூன்றாவது வரிசையில் இருந்தவர் பக்கத்து ஆளிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார். அடுத்த ஸ்லைடில் வீட்டின் புகைப்படம். முகம் மறைத்திருந்தார்கள், வாசல் கோலத்தையும் வண்டியையும் மறைக்கவில்லை. புனைபெயர் தில்லி அவையில் காப்பாற்றும். நீங்கள் பேச வரும் பஸ்ஸிலேயே அந்த ஊர்க்காரர் இருக்கும் இடத்தில் காப்பாற்றாது.

இங்கே வாசிப்பதற்கென்று ஒரு தனிப் பிரதி தயாரியுங்கள். தூரம், திசை, ஏரி, கோயில், வீட்டு எண்ணிக்கை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று பேரின் விவரங்களைக் கலந்து ஒரு வழக்காகச் சொல்லலாம், அப்படிக் கலந்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும். படம் வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழானவர் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் இது நாகரிகம் மட்டுமல்ல, சட்டமும்கூட. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளம் வெளியே தெரிவதைத் தடுக்கின்றன. சாதிப் பெயரை எங்கே, எந்தச் சூழலில் சொல்கிறோம் என்பதையும் இந்தப் பக்கம் யோசித்துத்தான் பேச வேண்டும். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் சாதி வன்முறையில் வீடுகள் எரிந்த மாவட்டம் இது. கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது வெறும் ‘கேஸ் ஸ்டடி’ ஆகாது.

நூல் விஷயம். 1,200 கட்டியவர்களின் கட்டுரைகள் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தொகுப்பாக வருகின்றன. அந்த 13 இலக்க எண் நம் நாட்டில் பதிப்பாளருக்கு இலவசமாகக் கிடைப்பது. புத்தகத்தை அடையாளம் காணத்தான் அது, யாரும் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததற்குச் சான்று இல்லை. இதழுக்கு உள்ளது எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். இரண்டையும் குழப்பி, தொகுப்பு நூல் கட்டுரையை ‘ஜர்னல் பப்ளிகேஷன்’ என்று ஆய்வேட்டின் சுருக்கமான சினாப்சிஸில் போட்டால் திரும்பி வரும். இந்த அழைப்பிதழில் ‘தேர்ந்தெடுத்த கட்டுரைகள் யு.ஜி.சி. கேர் இதழில் வெளியாகும்’ என்றும் ஒரு வரி இருந்தது. கேர் என்பது யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் பட்டியல், அந்தப் பட்டியலையே யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. பழைய அழைப்பிதழை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் போலும்.

இதைவிட முக்கியம், உங்கள் ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே தூக்கித் தொகுப்பில் போடாதீர்கள். பின்னால் ஆய்வேட்டை, வேறு எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்குப் போடும்போது அது மேலே வந்து நிற்கும். கருத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி. 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் இன்னும் சிக்கல். முன்பு வெளியானதைச் சுட்டிக்காட்டி எழுதினால் பிரச்சினை குறையும். 750 மட்டும் கட்டி வாசித்துவிட்டு, கேள்விகளை வைத்துத் திருத்தி, நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்புவதே லாபம்.

பெரிய மாநாட்டோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. இந்தியச் சமூகவியல் சங்கம் 1951இல் பம்பாயில் சமூகவியல் அறிஞர் ஜி.எஸ். குர்யே முன்னின்று தொடங்கியது. ‘சோசியாலஜிக்கல் புல்லட்டின்’ என்ற இதழை 1952 முதல் நடத்துகிறது. அதன் அகில இந்திய மாநாட்டில் அமர்வுகள் ஆய்வுக் குழு வாரியாக நடக்கும், அதனால் உங்கள் துறையில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்ற வரைபடம் கிடைக்கும். பிஎச்.டி.க்கு வெளித் தேர்வாளராக வரக்கூடியவர்களின் முகமும் தெரியும். இரண்டும் வேண்டும். வரிசை மட்டும் முக்கியம்: களத்தரவு கைக்கு வந்த சூட்டோடு இங்கே, எழுதி முடித்த இயலோடு அங்கே. மாற்றிச் செய்தால் அங்கே தரவில் ஓட்டை, இங்கே கேட்க ஆளில்லாத கோட்பாடு.

போக்குவரத்துக்கு ஒரு பத்தி போதும். தருமபுரி ஸ்டேஷன் சேலம், ஓசூர், பெங்களூரு பாதையில் இருக்கிறது. சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம், எல்லா ரயிலும் அங்கே நிற்காது. கிருஷ்ணகிரி ஊருக்குள் ரயிலே இல்லை, பஸ்தான். சேலத்திலிருந்து காலையில் கிளம்புகிறவர்கள் தொப்பூர் கணவாய்க்கு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு லாரி சாய்ந்தால் ரோடே நின்றுவிடும். முதல் நாள் மதிய அமர்வில் பெயர் இருந்தால் முந்தின இரவே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் தங்குவது நிம்மதி.

சாப்பாடு முதல் நாள் இலை போட்டு முழுச் சாப்பாடு, குறை சொல்ல முடியாது. இரண்டாம் நாள் பொட்டலத்தில் வெரைட்டி ரைஸ். பெண்களுக்கான கழிப்பறை மாணவிகள் பிளாக்கில் மட்டும், பூட்டிய சாவி ஒருவரிடம், அவர் விழா மேடையில். இருநூறு பேரைக் கூப்பிடும் துறை இதைச் சரிசெய்யாததற்குச் சமாதானம் எதுவும் கிடையாது. ஏற்பாட்டில் போன மூன்று மதிப்பெண்ணில் ஒன்று இதற்காக. மற்ற இரண்டும் நேரத்துக்கு.

சர்டிபிகேட் இரண்டாம் நாள் நிறைவு விழாவுக்குப் பிறகுதான் கொடுக்கிறார்கள். பெயர்கள் கூகுள் ஃபார்மிலிருந்து அப்படியே அச்சாகின்றன, அதனால் ஃபார்மில் இனிஷியலை எந்தப் பக்கம் போட்டீர்களோ அப்படியே வரும். பிஎச்.டி. பதிவில் உள்ளபடி போடுங்கள். வாங்கியவுடன் ‘கலந்துகொண்டார்’ என்று இருக்கிறதா, ‘கட்டுரை வாசித்தார்’ என்று இருக்கிறதா, தலைப்பு சரியா என்று அங்கேயே பாருங்கள். தப்பு இருந்தால் முதல்வர் கையெழுத்துப் போட்ட வெற்றுச் சர்டிபிகேட்டுகள் சில ஒருங்கிணைப்பாளரின் ஃபைலில் இருக்கும், அவர் கிளம்பும் முன் கேட்டு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் போன் செய்தால் எடுக்கமாட்டார்கள்.